இரும்புக் கம்பத்தில் யாகி: குற்றம் பூம் மேலா, பைப் மேலா?

கேள்வி – மார்ச் 2, தங்கச்சிமடம்

அண்ணே, ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) லைசென்ஸ் கைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. 2 மீட்டர் பேண்டுக்கு 5 எலிமென்ட் (குறுக்குக் கம்பி) உள்ள யாகி ஆன்டெனா ஒன்று செய்து, மாடியில் ஒன்றரை இஞ்ச் ஜிஐ பைப்பில் 20 அடிக்கு ஏற்றியிருக்கிறேன். பூம், அதாவது எலிமென்ட்டுகளைத் தாங்கும் நடுச் சட்டம், 20 மில்லிமீட்டர் அலுமினியச் சதுரக் குழாய். ரிப்பீட்டருக்காக (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) எலிமென்ட்டைச் செங்குத்தாக வைத்திருக்கிறேன். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் வானத்தைப் பார்க்க நிறுத்தி அளந்தபோது எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனாவிலிருந்து சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண், 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.3. மேலே ஏற்றியதும் 2.4. கிழக்கே திருப்பினாலும் மேற்கே திருப்பினாலும் சிக்னலில் பெரிய வித்தியாசம் இல்லை. மண்டபம் ஊரில் ஒருவர், மெட்டல் பூம் போட்டதுதான் தப்பு, பிவிசிக்கு மாற்று என்கிறார். மாற்றிவிடலாமா?

மார்ச் 2, இரவு

மாற்றாதே தம்பி. பிவிசி பூம் நம் ஊர் வெயிலில் ஒரே கோடையில் தொங்கிவிடும், உன் பிரச்சினையும் அப்படியே இருக்கும். நீ சொன்னதில் குற்றவாளி பூம் இல்லை, பைப்.

எந்த உலோகம் கெடுக்கும், எது கெடுக்காது என்று பார்க்க நான் முதலில் கேட்பது திசை. எலிமென்ட்டில் மின்னோட்டம் அதன் நீளவாக்கில் ஓடுகிறது, அதனால் எழும் மின்புலமும் அதே திசையில்தான் இருக்கும். அந்தத் திசைக்கு இணையாகப் பக்கத்தில் எந்த உலோகம் நின்றாலும் அதிலும் மின்னோட்டம் எழும். செங்கோணத்தில் நின்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே எழாது. நம் வள்ளக்காரர்கள் பருமலை (பாய் கட்டும் குறுக்குக் கம்பை) காற்றின் போக்கிலேயே திருப்பிவிட்டால் பாய் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் காற்றை வாங்குவதில்லை, அதே மாதிரி.

உன் எலிமென்ட் செங்குத்து, பைப் செங்குத்து, பூம் கிடைமட்டம். எது எதற்கு இணை என்று நீயே பார்.

யாகி என்பதே இந்த விளைவை வைத்துத்தான் வேலை செய்கிறது. 1926ல் ஜப்பானில் உடாவும் யாகியும் காட்டியது, கேபிளே கொடுக்காத வெறும் கம்பியைச் சரியான நீளத்தில், சரியான இடைவெளியில் நிறுத்தினால் அது அலையை ஒரு பக்கமாகத் தள்ளும் என்பதைத்தான். பின்னால் நிற்கும் ரிஃப்ளெக்டரும் முன்னால் நிற்கும் டைரக்டரும் அப்படித்தான் வேலை செய்கின்றன. நீ அவற்றுக்கு நடுவே, யாரும் கணக்குப் போடாத 20 அடி எலிமென்ட் ஒன்றை நிறுத்தியிருக்கிறாய். முன்பக்க லாபம் (அந்தத் திசையில் கூடும் சிக்னல் பலம்) போகும், பின்பக்கம் அடைபடாது, இம்பீடன்ஸும் (கேபிளோடு பொருந்த வேண்டிய மின்தடை அளவு) நகரும். நீ சொன்ன இரண்டு அறிகுறிகளும் இதற்குள் வந்துவிடுகின்றன.

நம்பிக்கை வரவில்லை என்றால் நாளைக்கே ஒன்று செய். யு-கிளாம்பைத் தளர்த்தி, அதே உயரத்தில் அதே பைப்பில் ஆன்டெனாவைப் பக்கவாட்டில் படுக்க வை, அதாவது எலிமென்ட்டெல்லாம் கிடைமட்டமாக வரட்டும். வேறு எதையும் தொடாதே. எஸ்டபிள்யூஆர் என்ன ஆகிறது என்று எழுது.

மார்ச் 3

பூம் நிரபராதி என்று நான் சொன்னதற்கு ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்படியானால் எல்லா யாகி கணக்குப் பட்டியலிலும் பூம் திருத்தம் என்று ஒரு வரி ஏன் இருக்கிறது?

நல்ல கேள்வி. பூம் அலையைத் தடுப்பதில்லை, ஆனால் எலிமென்ட் அதைத் துளைத்துக்கொண்டு போகும் இடத்தில் எலிமென்ட்டின் நடுப்பகுதி தடித்துவிட்டது போல ஆகிறது. மின்னோட்டம் உச்சத்தில் இருக்கும் இடம் அதுதான். அங்கே இண்டக்டன்ஸ் (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் குணம்) குறைவதால், எலிமென்ட் அளவுகோலில் இருப்பதைவிட மின்கணக்கில் குட்டையாகிவிடும். அந்தக் குறைவை ஈடுகட்டக் கொஞ்சம் நீளமாக வெட்ட வேண்டும். எவ்வளவு என்பது பூமின் தடிமன் அலைநீளத்தில் எத்தனை பங்கு என்பதைப் பொறுத்தது.

145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.07 மீட்டர். 20 மில்லிமீட்டர் பூமை எலிமென்ட் நேராகத் தொட்டுத் துளைத்துப் போனால் 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை கூட்டினால் போதும். பிளாஸ்டிக் புஷ் (உறை வளையம்) போட்டுத் துளைத்தால் அதில் பாதி. பூமுக்கு மேலே இன்சுலேட்டர் வைத்து, பூம் தடிமனில் பாதிக்கு மேல் தூக்கிப் பொருத்தினால் திருத்தமே வேண்டாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு மீட்டர் எலிமென்ட்டில் 5 மில்லிமீட்டர் என்பது அரை சதவிகிதம், சுமார் முக்கால் மெகாஹெர்ட்ஸ். நம் பேண்டே 144 முதல் 146 வரை இருக்கிறது. இதனால் ஆன்டெனா கொஞ்சம் நகரும், ஆனால் முன்னும் பின்னும் ஒரே மாதிரி கேட்கிற நிலைக்கு வராது.

அதே 20 மில்லிமீட்டர் பூமை 435 மெகாஹெர்ட்ஸுக்கு (70 சென்டிமீட்டர் பேண்ட்) போட்டால் கதை வேறு. அங்கே எலிமென்ட் 33 சென்டிமீட்டர்தான், திருத்தமோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல். மூன்று சதவிகிதம், அதாவது பதினான்கு மெகாஹெர்ட்ஸ் அளவுக்குத் தள்ளிப்போய் நிற்கும். அந்தப் பேண்டில் பூம் திருத்தத்தை விட்டவர்களுக்கு ஆன்டெனா வேலையே செய்யாது, பழியும் கேபிள் மேல் விழும். எனவே மண்டபம் நண்பர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2 மீட்டரில் அது சின்ன விஷயம், 70 சென்டிமீட்டரில் பெரிய விஷயம்.

மார்ச் 4

தம்பி எழுதியிருக்கிறான்: படுக்க வைத்ததும் 1.4. கேபிள் அதே, உயரம் அதே, பைப் அதே.

சரி, பூம் விடுதலை.

அப்படியே படுக்கையிலேயே விட்டுவிடலாமா என்று கேட்கிறாய். ரிப்பீட்டருக்கும் மற்ற எஃப்எம் ஆட்களுக்கும் ஆகாது, அவர்கள் எல்லோரும் செங்குத்து. நீ கிடைமட்டமாக இருந்தால் 20 டெசிபல் அளவுக்கு இழப்பாய், நூறில் ஒரு பங்கு. அந்த யாகி தரும் லாபத்தை எல்லாம் கூட்டினாலும் இதை ஈடுகட்டாது. ஆனால் தூரத்து எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை முறைப் பேச்சு) தொடர்புக்கு உலகம் முழுக்கக் கிடைமட்டம்தான் வழக்கம், அதற்கு ஜிஐ பைப்பில் நடுவே பிடித்து ஏற்றினால் ஒரு குறையும் இல்லை. மாடியில் ஒரே பைப் வைத்து இரண்டுக்கும் ஆசைப்படும்போதுதான் தலைவலி.

மார்ச் 5

கேபிளை மறந்துவிடாதே. பைப்பை மூங்கிலாக மாற்றிவிட்டுக் கோஆக்ஸை (ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளை) அதே மூங்கிலில் சுற்றி நேராகக் கீழே இறக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கோஆக்ஸின் மேல் வலை உலோகம் இல்லையா? எலிமென்ட்டுக்கு இணையாகச் செங்குத்தாகத் தொங்கினால் அதுவும் பைப் செய்த வேலையையே செய்யும். கேபிளை பூம் மேலேயே ஒட்டிக் கட்டி, ரிஃப்ளெக்டரைத் தாண்டிப் பின்னால் கொண்டுபோய், அங்கிருந்து ஒரு வளைவாகத் தளர்வாக விட்டுக் கம்பத்துக்கு வர வேண்டும். ஃபீட் பாயிண்ட்டுக்கு, அதாவது கேபிள் ஆன்டெனாவில் சேரும் இடத்துக்கு, பக்கத்தில் ஃபெரைட் (காந்தப் பீங்கான்) மணி இரண்டு மூன்று கோத்துவிட்டால் வலையின் வெளிப்பக்கம் ஓடும் மின்னோட்டமும் அடங்கும்.

அப்புறம், என்ன கேபிள் போட்டிருக்கிறாய்? ஆர்ஜி-58 என்றால் 145ல் 30 மீட்டருக்கு சுமார் 6 டெசிபல் போய்விடும். கையில் 5 வாட், மேலே போய்ச் சேருவது ஒன்றேகால் வாட். இன்னொரு கெடுதலும் உண்டு. இழப்பு மிகுந்த கேபிள், ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் சக்தியையும் தின்றுவிடுவதால் கீழே மீட்டரில் எஸ்டபிள்யூஆர் அழகாகத் தெரியும். கீழே 2.4 என்றால் மேலே அதைவிட மோசம்.

மார்ச் 9

இரண்டு மூன்று பேர் தனித்தனியாகக் கேட்டதால் வழிகளை ஒரே இடத்தில் எழுதுகிறேன். செங்குத்து யாகியை இரும்புக் கம்பத்தில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரும்பை அலையின் வழியிலிருந்து நகர்த்தினால் போதும்.

எனக்குப் பிடித்தது பின்பக்கப் பிடிப்பு. பூமை ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் அரை மீட்டர், முடிந்தால் அதற்கு மேல் நீட்டி, அந்த நுனியைக் கம்பத்தில் பிடிப்பது. ரிஃப்ளெக்டருக்குப் பின்னால் புலம் வலுவிழந்துவிடுவதால் கம்பத்தில் எழும் மின்னோட்டமும் சொற்பம். நான்கைந்து எலிமென்ட் வரைக்கும் இது சிக்கனமான, உறுதியான வழி. அதற்கு மேல் போனால் முன்பக்கப் பாரம் இழுக்கும், கம்பத்தின் மேல் நுனியிலிருந்து பூமின் நடுவுக்கு நைலான் கயிறு கொடுத்துத் தூக்கிக் கட்ட வேண்டும். கம்பி கொடுக்காதே, நைலான்தான்.

இரண்டாவது, கம்பத்தின் உச்சியில் மட்டும் உலோகம் இல்லாத துண்டு. எலிமென்ட் பாதி நீளம் பூமுக்குக் கீழே அரை மீட்டர் தொங்குகிறது. அதற்குக் கீழேயும் கால் அலைநீளமாவது இடம் விட வேண்டும். ஆக பூமிலிருந்து ஒரு மீட்டருக்குக் குறையாமல், ஒன்றரை மீட்டர் என்றால் நிம்மதி. ஃபைபர்கிளாஸ் கிடைத்தால் முதல் தரம். கிடைக்காவிட்டால் நன்றாகக் காய்ந்த கெட்டி மூங்கில், இரண்டு கோட் வார்னிஷ் அடித்து, மேல் வாயை அடைத்து. பச்சை மூங்கில் வேண்டாம், ஈரம் நிறைய. சவுக்குக் கம்பும் ஆகும், ஆனால் கச்சான் காற்று பிடித்துவிட்டால் ராத்திரி பகல் ஓயாமல் ஆட்டும், ஜிஐ பைப்புக்குள் சொருகிய இடத்தில்தான் சவுக்கு முறியும். சொருகும் நீளம் இரண்டடிக்குக் குறையக் கூடாது.

மூன்றாவது, பக்கவாட்டுக் கை. கம்பத்தின் உச்சியில் குறுக்குச் சட்டம் போட்டு, ஒரு நுனியில் யாகி, மறு நுனியில் இன்னொரு யாகியோ எதிர்ப்பாரமோ. சட்டம் கிடைமட்டமாகவும் எலிமென்ட்டுக்குச் செங்கோணத்திலும் இருப்பதால் இரும்பாகவே இருக்கலாம். கம்பத்திலிருந்து ஒரு மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். மாடி இடமும் காற்றும் இடம்கொடுத்தால் இதுதான் திருப்பவும் நன்றாக இருக்கும்.

சர்வதேச விண்வெளி நிலையத்தை 145.800ல் கேட்கக் குறுக்கு யாகி செய்கிறவர்களுக்கு: அதில் எலிமென்ட் இரண்டு திசையிலும் இருப்பதால் படுக்க வைத்துத் தப்பிக்க வழி கிடையாது. எலிமென்ட்டை 45 டிகிரி சாய்த்துப் பெருக்கல் குறி மாதிரி வைத்தால் கம்பத்தின் தாக்கம் இரண்டுக்கும் சமமாகப் பிரியும், அவ்வளவே. அங்கே உலோகமற்ற துண்டுதான் ஒழுங்கான தீர்வு.

மார்ச் 10

தொண்டியிலிருந்து ஒருவர்: "கம்பத்தில் பெயின்ட் அடித்தால் தடுக்குமா?" தடுக்காது. பெயின்ட் துருவைத்தான் தடுக்கும். ஆனால் அதற்காகவே அடியுங்கள்.

மார்ச் 14

கீழக்கரை காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர் 40 மீட்டர் பேண்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். வீட்டு முற்றத்தில் 33 அடி இரும்புக் கம்பம், அதன் உச்சியில் இன்வர்ட்டட் வி (தலைகீழ் வி வடிவக் கம்பி ஆன்டெனா) கட்ட ஆசை, மேலே இருப்பதையெல்லாம் படித்துவிட்டுக் கம்பத்தை எடுத்துவிட வேண்டுமோ என்று பயம்.

எடுக்க வேண்டாம் காக்கா. இன்வர்ட்டட் வியில் இரண்டு கையும் கம்பத்திலிருந்து ஒரே கோணத்தில் இரண்டு பக்கமும் இறங்குகின்றன. ஒரு கையின் மின்னோட்டம் உச்சியை நோக்கி ஏறும்போது மறு கையில் உச்சியிலிருந்து இறங்குகிறது. கம்பத்தின் நீளவாக்கில் இரண்டும் தூண்டுவது எதிரெதிராகி அடித்துக்கொண்டு போய்விடும். சமச்சீர் மட்டும் கெடக் கூடாது: இரண்டு கையும் ஒரே நீளம் (7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 20 மீட்டர், பிறகு கொஞ்சம் வெட்டிச் சரி பண்ண வேண்டும்), ஒரே சாய்வு, உச்சியில் 1:1 கரண்ட் பலுன் (கேபிள் வலையின் வெளிப்பக்கம் மின்னோட்டம் ஓடாமல் தடுப்பது), பலுனின் எந்த உலோகமும் கம்பத்தைத் தொடாமல். உச்சிக் கோணம் 90 டிகிரிக்குக் குறையாமல் விரியட்டும். நுனிகள் ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும், அனுப்பும்போது அங்கேதான் மின்னழுத்தம் மிகுதி, முற்றத்தில் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

ஆனால் ஒரு கையை மட்டும் கட்டி ஸ்லோப்பர் ஆக்கினாலோ, கம்பத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாக ஒரு கம்பி தொங்கவிட்டாலோ விஷயம் மாறும். 33 அடி என்பது 10 மீட்டர். 7.1 மெகாஹெர்ட்ஸில் கால் அலைநீளம் கிட்டத்தட்ட அதுவே. அடி மண்ணில் புதைந்த கால் அலைநீளக் கம்பம் அந்தப் பேண்டில் தானே ஒத்திசைந்து நிற்கும், பக்கத்தில் இருக்கும் செங்குத்துக் கம்பியிலிருந்து நன்றாகவே இழுக்கும்.

அந்த இழுப்பை எதிர்த்து நிற்பதைவிடக் கம்பத்தையே ஆன்டெனாவாக்கலாம். அடியை மண்ணோடு விட்டுவிட்டு, கம்பத்துக்கு இணையாக ஒரு கம்பி ஏற்றி, காமா மேட்ச் முறையில் கொஞ்ச உயரத்தில் தொட்டு ஊட்டலாம். தரையில் ரேடியல் கம்பிகள் (கம்பத்தின் அடியிலிருந்து ஆரம் போல விரிபவை) எத்தனை விரிக்க முடியுமோ அத்தனை. கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இது பெரிய வரம். கடல்நீரின் கடத்துதிறன் மீட்டருக்கு 5 சீமென்ஸ் அளவு, நம் வறண்ட மணலுக்கோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. செங்குத்து ஆன்டெனாவிலிருந்து மிகத் தாழ்ந்த கோணத்தில் போகும் அலை தரையில் அழிந்துவிடுவதுதான் உள்நாட்டுக்காரர்களின் குறை. கடல் விளிம்பில் அந்த அலை பிழைத்துப் போகும். தனுஷ்கோடி சாலையில் இரண்டு பக்கமும் கடல் இருக்கும் இடத்தில் ஒரு செங்குத்துக் கம்பியை நிறுத்திக் கேட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தூர தேச நிலையங்கள் உள்ளூர் போல வரும்.

மார்ச் 15

இழுகம்பியைப் பற்றி எழுத விட்டுப்போனது. கம்பத்தைப் பிடித்து நிறுத்தும் ஜிஐ கம்பியும் உலோகம்தான், அதுவும் சாய்வாக, பாதி இணையாக. ஒரே நீளமாக விட்டால் ஏதாவது ஒரு பேண்டில் அரை அலைநீளத்தின் மடங்கில் வந்து நிற்கும். முட்டை இன்சுலேட்டர் போட்டுத் துண்டாக்கலாம். ஆனால் நம் பக்கம் படகுக்குப் போடும் நல்ல நைலான் கயிறு கடைக்குக் கடை கிடைக்கும்போது எதற்கு அந்தப் பாடு? வெயிலில் மேல் நார் வெளுத்துப் பொடியாக ஆரம்பித்தால் மாற்றிவிடுங்கள்.

கம்பமே வேண்டாம் என்பவர்களுக்குப் பனை இருக்கிறது. இரண்டு பனைக்கு நடுவே டைபோல் (இரண்டு கை உள்ள நேர்க்கம்பி ஆன்டெனா) கட்டுவது இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கயிற்றை இறுக்கிக் கட்டாமல் ஒரு பக்கம் கப்பி போட்டு எடை தொங்கவிடுங்கள், வாடை அடிக்கும்போது மரம் ஆடினாலும் கம்பி அறாது.

மார்ச் 22

இப்போது உப்பு. இவ்வளவு நேரம் எழுதியதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும், இனி எழுதுவது நமக்கே நமக்கு.

பழைய பாம்பன் ரயில் பாலம் 1914ல் திறந்தது. 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியதற்குக் காரணம் தூக்குப் பகுதியின் இரும்பை உப்பு தின்றது. பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) தன் அரிமானச் சோதனைக்கு மண்டபம் முகாமைத் தேர்ந்தெடுத்தது சும்மா இல்லை. அப்படிப்பட்ட காற்றில் நாம் ஒரு அலுமினியக் குழாயைத் துத்தநாகம் பூசிய இரும்பில் கட்டி, செம்புக் கேபிளை அதில் முறுக்கி, மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து ரிப்பீட்டர் சரியில்லை என்கிறோம்.

போன வாரம் என் மாடியில் ஒரு யு-கிளாம்பைக் கழற்றினேன். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. உள்ளே கிளாம்ப் உட்கார்ந்த இடத்தில் அலுமினியத்தின் மேல் வெள்ளை மாவு, விரலால் துடைத்தால் நகத்துக்குள் போகிற அளவுக்கு நைசாக. துடைத்த பிறகு குழாயில் அம்மைத் தழும்பு போலக் குழிகள். அதைவிட மோசம் டிரைவன் எலிமென்ட்டில் (கேபிள் சேரும் கம்பியில்): செம்பு வலையை அலுமினியத்தோடு நேராகப் பிடித்திருந்த பழைய இணைப்பில் வலை கறுத்து, இழுத்தால் இழை இழையாக உதிர்ந்தது. மேல் உறையை ஒரு சாண் சீவிப் பார்த்தேன், உள்ளே இன்னும் கறுப்பு. தண்ணீர் வலை வழியாகவே இறங்கியிருக்கிறது.

செம்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் கரையும். நடுவே ஸ்டெயின்லெஸ் வாஷரோ வெள்ளீயம் பூசிய லக்கோ (கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வேண்டும். துத்தநாகமும் அலுமினியமும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உலோகங்கள் என்பதால் ஜிஐ கிளாம்ப் அலுமினியத்தை உடனே தின்பதில்லை, துத்தநாகப் பூச்சு தேய்ந்து இரும்பு வெளிவந்த பிறகு ஆரம்பிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட் சின்னதாக, அலுமினியம் பெரிதாக இருந்தால் சமாளிக்கலாம், கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும். கேபிள் வாய்க்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை நன்றாக இழுத்துச் சுற்றி, அதன் மேல் சாதா டேப். வெறும் சாதா டேப் மட்டும் போட்டால் வெயிலில் பசை உருகி வழிந்து ஒரு மாதத்தில் வாய் திறக்கும்.

துருப்பிடித்த இணைப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. இரண்டு உலோகத்துக்கு நடுவில் ஆக்சைடு படலம் உட்கார்ந்தால் அது டயோடு போல நடந்துகொள்ளும். நீ ஒரு அலைவரிசையில் அனுப்ப, அது அதன் மடங்குகளைப் பிறப்பிக்கும். பக்கத்தில் பலமான ஒலிபரப்பு இருந்தால் அதையும் கலந்து புதிதாக ஏதோ ஒன்றை உன் ரிசீவருக்குள் கொண்டுவரும். மழை பெய்தால் மறையும், காய்ந்தால் திரும்ப வரும் இரைச்சல் இருந்தால் முதலில் கம்பத்தையும் கிளாம்பையும் மாடிக் கைப்பிடிக் கம்பியையும் தட்டிப் பாருங்கள். தட்டும்போது இரைச்சல் மாறினால் அங்கேதான்.

தம்பியின் ஆன்டெனா புதுசு, இந்தக் கதை அவனுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் வருகிற மழைக்காலம் முடிவதற்குள் வரும், இப்போதே கிரீஸ் வாங்கி வைத்துக்கொள்.

மார்ச் 29

பாம்பனிலிருந்து வேறொரு தம்பி. அவன் ஹாம் இல்லை, அப்பாவின் விசைப்படகுக்காகக் கேட்கிறான். வீல்ஹவுஸ் (சுக்கான் அறை) மேல் இரும்பு மாஸ்ட் (கம்பம்), அதற்கு ஒரு அடி தள்ளி விஎச்எஃப் விப் (ஒற்றைக் குச்சி) ஆன்டெனா. கரையை விட்டுப் போகும்போது கரையோடு பேச முடிகிறது, திரும்பி வரும்போது விட்டுவிட்டு வருகிறதாம். செட்டை ரிப்பேருக்குக் கொடுத்து, ஒன்றும் கெடவில்லை என்று திரும்பி வந்துவிட்டது.

படகின் முகம் திரும்பினால் சிக்னல் மாறுகிறது என்றால் செட்டை விட்டுவிட்டு மாஸ்ட்டைப் பார்க்க வேண்டும். 16ஆம் சானல் 156.8 மெகாஹெர்ட்ஸ், கால் அலைநீளம் 48 சென்டிமீட்டர். ஒரு அடி தள்ளி, இணையாக, விப்பைவிட உயரமாக இரும்பு நின்றால் மாஸ்ட் இருக்கும் பக்கம் நிழல் விழும். விப்பை எடுத்து, அதன் அடி மாஸ்ட்டின் நுனிக்கு மேலே வரும்படி உச்சியில் பொருத்தச் சொல். அப்படி முடியாவிட்டால் கிடைமட்டக் கை போட்டு ஒரு மீட்டராவது வெளியே தள்ளு. வலை இழுக்கும் இரும்புச் சட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக.

உச்சிக்குப் போவதில் இன்னொரு லாபம், உயரம். கடல் மேல் ரேடியோ அடிவானம் கிலோமீட்டரில் சுமார் 4.1 பெருக்கல் உயர மீட்டரின் வர்க்கமூலம். 6 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா என்றால் 10 கிலோமீட்டர், எதிர்ப்படகும் அதே உயரம் என்றால் இருவருக்கும் நடுவே 20. கரையில் 30 மீட்டர் கோபுரம் என்றால் 33 வரை. இது பொழுதுபோக்கு இல்லை, கடலில் எஞ்சின் நின்றுபோனவனின் குரல் எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் கேட்க வேண்டும். பொருத்திய பிறகு படகை மெதுவாக ஒரு முழு வட்டம் திருப்பி, ஓய்வான வேலைச் சானலில் கரையில் ஒருவரைக் கேட்கச் சொல்லிப் பார்த்துவிடு. 16ஐ இதற்குப் பயன்படுத்தாதே, அது அழைப்புக்கும் ஆபத்துக்கும் உள்ளது.

ஏப்ரல் 5

தங்கச்சிமடம் தம்பி பின்பக்கப் பிடிப்புக்கு மாற்றிவிட்டான். 1.5. ஆனால் இப்போது புதுக் குழப்பம்: நேற்று சாயங்காலம் பின்பக்கத்திலும் சிக்னல் பலமாக வந்ததாம், இரவு எட்டு மணிக்கு மேல் முன்பக்கத்தில்கூட ஏறி இறங்கியதாம்.

தம்பி, இது பங்குனி. காற்று ஓய்ந்து கடல் கண்ணாடியாகக் கிடக்கும் சாயங்காலங்களில் மன்னார் வளைகுடா மேலும் பாக் நீரிணை மேலும் சூடான காற்றடுக்கு ஒன்று உட்கார்ந்து அலையைக் கீழேயே வளைத்துக் கொண்டுபோகும். இலங்கை எஃப்எம் நிலையங்கள் நம் கடைத்தெரு ரேடியோவில் உள்ளூர் போலப் பாடுவது இதனால்தான். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் 30 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்கிறது, அது சாதாரண நாளிலேயே எட்டும். இந்த மாதிரி மாலைகளில் அதைப் போல் பல மடங்கு தூரம் எட்டும். அப்போது 4எஸ்7 (இலங்கை ஹாம்) நண்பர்களை ஆசைதீரக் கூப்பிடு. ஆனால் ஆன்டெனாவை அளக்க அது நேரமே இல்லை. சிக்னல் தானாக ஏறி இறங்கும்போது நீ திருப்பியதால் மாறியதா, காற்றால் மாறியதா என்று எப்படிப் பிரிப்பாய்?

முன்பின் ஒப்பீடு வேண்டும் என்றால் நண்பகலுக்கு முன், காற்று நன்றாக அடிக்கும் நாளில், ராமநாதபுரம் பக்கம் ஒருவரைக் குறைந்த பவரில் விடாமல் அனுப்பச் சொல். முன்னே திருப்பு, பின்னே திருப்பு, மறுபடி முன்னே திருப்பு. மூன்றாவது அளவு முதல் அளவோடு ஒத்துப்போனால்தான் நடுவில் இருப்பதை நம்பு. கைபேசி அளவு நானோவிஎன்ஏ (ஆன்டெனா அளக்கும் கருவி) வாங்கியிருப்பதாகச் சொன்னாய், எஸ்டபிள்யூஆருக்கு அது போதும், ஆனால் ஆன்டெனா எந்தப் பக்கம் வீசுகிறது என்று அதற்குத் தெரியாது. அலையே வீசாத டம்மி லோடு (வெறும் மின்தடை) கூட 1.0 காட்டும்.

ஏப்ரல் 6

காலையில் அளந்து அனுப்பியிருக்கிறான். முன்பக்கம் எஸ்-மீட்டர் (சிக்னல் பலம் காட்டும் அளவி) ஒன்பதைத் தாண்டுகிறது, பின்பக்கம் ஐந்து. இரண்டு தடவையும் ஒத்துப்போயிருக்கிறது. அந்த யாகிக்கு இது நியாயமான எண்தான்.

ஏப்ரல் 7

இடியைப் பற்றி இரண்டு பேர் கேட்டதால்: இரும்புக் கம்பத்தை மண்ணோடு இணைப்பது எளிது, அதனால்தான் நான் அதைக் கைவிடச் சொல்வதில்லை. கீழே பைப், அதற்குத் தடித்த செம்பு எர்த்திங், மேலே ஒன்றரை மீட்டர் மட்டும் மூங்கில் அல்லது ஃபைபர் என்பதே என் கணக்கு. முழுக்க மூங்கிலாகப் போட்டால் கோஆக்ஸ் வலைதான் இடி இறங்கும் ஒரே பாதை, அது நேராக உன் மேஜைக்கு வரும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் வலையை எர்த்தோடு இணை, அரெஸ்டர் (மின்னலைத் தரைக்குத் திருப்பும் கருவி) ஒன்று போடு, ஐப்பசியில் மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றிச் சுவருக்கு வெளியே விடு. ஜிஐ எர்த் ராடு நம் உப்பு மண்ணில் சீக்கிரம் கரையும், வருஷத்துக்கு ஒருமுறை தோண்டிப் பார்க்க வேண்டும்.

கம்பம் ஏற்றும்போது, அது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தூரம் இருக்கிறதா என்று முதலில் தரையில் கயிறு போட்டு அளந்துவிடுங்கள். தங்கச்சிமடத்தில் மாடிக்கு ஒட்டியே லைன் போகும் தெருக்கள் உண்டு, தம்பி வீடு எந்தத் தெரு என்று எனக்கு எழுது.